பழைய இரும்பில் ஒரு புதிய வண்டி

பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு வாங்க வரும் விவசாயி, நல்ல காளையைக் கண்டதும் உடனே விலை பேசிவிடுவதில்லை. வீட்டுத் தொழுவில் நிற்கும் காளையின் உயரம் என்ன, அதன் நடை என்ன, இது அதனோடு ஒரே நுகத்தடியில் நிற்குமா என்று மனத்துக்குள் அளந்து பார்ப்பார். அதன் பிறகுதான் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடிப்பார். இரண்டும் நல்ல காளைகளாகவே இருக்கலாம். ஜோடி சேராவிட்டால் வண்டி நேரே போகாது.

மோட்டார் வண்டிக்கும் இதே விதிதான் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் ஒரு பட்டறையில் நாங்கள் கண்டறிந்தோம். எங்கள் வகுப்புத் தோழியின் அண்ணன், பழைய உறுப்புகளைத் தேடிச் சேர்த்துத் தம் கையாலேயே ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தார். அவர்களுடைய அப்புச்சி வைத்திருந்த 1968ஆம் ஆண்டு ஜீப்பின் சேசிஸ், ஒரு கான்டெசா காரின் 1.8 லிட்டர் எஞ்சின், தென்னந்தோப்பில் பல ஆண்டு கிடந்த ஒரு பழைய ஃபோர்டு காரின் ரேடியேட்டர் முகப்பு, முன்விளக்குகள், ஸ்டியரிங் சக்கரம் ஆகியவை அங்கே வரிசையாகக் கிடந்தன. “இதற்குப் பெயர் ஹாட் ராட்” என்றார் அண்ணன். அது என்ன, அதை எப்படிக் கட்டுகிறார்கள் என்று நாங்கள் கேட்டும் படித்தும் அறிந்தவற்றைத் தோழியருக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹாட் ராட் பிறந்த கதை

ஹாட் ராட் பிறந்த இடம் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம். ஃபோர்டு கம்பெனி 1908 முதல் 1927 வரை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ‘டி மாடல்’ கார்களைச் செய்து விற்றது. அவை பழையனவானபோது மிக மலிவாகக் கிடைத்தன. 1932இல் அதே கம்பெனி எட்டு சிலிண்டர் கொண்ட வி-8 எஞ்சினைச் சாதாரண மக்கள் வாங்கும் விலையில் கொண்டுவந்தது. டி மாடலின் எஞ்சின் 20 குதிரைத் திறன். இதுவோ 65 குதிரைத் திறன். கையில் காசில்லாத இளைஞர்கள் என்ன செய்தார்கள்? பழைய காரிலிருந்து மட்கார்டு முதலிய கனமான பாகங்களைக் கழற்றி எறிந்து, உடைந்த வண்டிகளிலிருந்து எடுத்த பெரிய எஞ்சினை அதில் பூட்டினார்கள். மியூராக் என்னும் வறண்ட ஏரியின் தட்டையான தரையில் அவற்றை ஓட்டி வேகம் பார்த்தார்கள். இத்தகைய சங்கங்கள் கூடித் தெற்குக் கலிஃபோர்னியா நேர ஓட்டச் சங்கத்தை 1937இல் அமைத்தன.

அச்சங்கத்தின் ஓட்டங்களில் கலந்துகொண்ட முதல் பெண்மணி வேதா ஓர் என்பவர். இரண்டாம் உலகப் போரின்போது உறுப்பினர் பலர் போர்முனைக்குச் சென்றுவிட, சங்கத்தின் செய்தி இதழ் நின்றுபோகாமல் காத்து, அதைப் போர்வீரர்களுக்கு அனுப்பிவந்தவரும் இவரே. மோட்டார் என்றால் ஆண்களின் காரியம் என்று நினைப்பவர்களிடம் இவர் பெயரை நாம் தயங்காமல் சொல்லலாம்.

போர் முடிந்ததும் ஒதுக்கப்பட்ட இராணுவச் சாமான்கள் மலிவாக விலைக்கு வந்தன. பில் பர்க் என்பவர் 1946இல், போர் விமானத்தின் இறக்கைக்கடியில் தொங்கும் பெட்ரோல் தொட்டி ஒன்றை வாங்கி, அதையே காரின் உடலாக்கி ஏரித் தரையில் ஓட்டினார். காற்றைக் கிழித்துச் செல்ல வடித்த அந்தக் கூடு, தரையிலும் அதே வேலையைச் செய்தது. ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்பதை அறிந்தவருக்கே அது வேறு எதற்கு உதவும் என்பதும் தெரியும்.

நம் ஊர்ப் பக்கம்

இந்த ஆர்வம் நம் கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. கோவையை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்கள், இளமையில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அதை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் அக்கு அக்காகக் கழற்றி மறுபடியும் பூட்டினார். அதுவே அவருக்குப் பள்ளிக்கூடம். 1920இல் ஒரு பஸ் வாங்கி, நம் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரு பஸ்தான் பிறகு யு.எம்.எஸ். என்னும் பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. அவர் பெயர் விளங்கும் ஜி.டி. கார் அருங்காட்சியகம் கோவை அவிநாசி சாலையில் 2015இல் திறக்கப்பட்டது.

கோவையைச் சேர்ந்த கரிவர்தன் அவர்களோ, எளிதில் கிடைக்கும் மாருதி 800 காரின் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் கொண்டு, ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் கார்களை 1980களில் உருவாக்கினார். வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க வழியில்லாத இளைஞர் பலர் இவ்வகைக் கார்களில்தான் பழகினார்கள். 1995இல் அவர் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்தில் 2003இல் அமைந்த பந்தயத் தடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

முதலில் சாக்பீஸ்

பட்டறைக்கு நாங்கள் போன முதல் நாளே எஞ்சின் உறுமுவதைக் கேட்போம் என்று எதிர்பார்த்தோம். மேஸ்திரியோ எங்களிடம் சாக்பீஸ் கேட்டார்!

ஜீப்பின் முன் அச்சிலுள்ள ஸ்டியரிங் உறுப்புகளை இரவு முழுவதும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருந்தார். அவற்றை எடுத்துத் துணியால் நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைப் பூசி வெயிலில் வைத்தார். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால், அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைப் பொடியில் கோடாகத் தெரியும். ஒரு மணி நேரம் கழிந்தது. சக்கரத்தைத் திருப்பும் கைபோன்ற உறுப்பில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு எழுந்தது.

“வெல்டிங் வைத்துவிடலாமா?” என்றார் அண்ணன். அந்த உறுப்பைத் தேடிப் பிடிக்க அவர் மூன்று மாதம் அலைந்திருந்தார். மேஸ்திரி தலையசைத்து மறுத்தார். ஸ்டியரிங் உறுப்புகள் பழுக்கக் காய்ச்சி அடித்து, பிறகு பதப்படுத்தியவை. வெல்டிங்கின் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். மேலே பார்க்க நன்றாயிருக்கும், ஒரு நாள் வளைவில் ஒடியும். அந்த உறுப்பு அன்றே பழைய இரும்புக் கூடைக்குப் போயிற்று. தேடிக் கண்டெடுத்த ஒன்றை வேண்டாமென்று விடவும் மனத்திண்மை வேண்டும் என்பதை அண்ணனின் முகத்தில் கண்டோம்.

எவற்றை மறுபடி பயன்படுத்தலாம்? வார்ப்பிரும்பு எஞ்சின் பிளாக், பல் தேயாத கியர்கள், விளக்குக் கூடுகள், மீட்டர் வட்டுகள் முதலியவற்றைச் சோதித்துவிட்டுப் பயன்படுத்தலாம். ரப்பர் குழாய், டயர், மின்கம்பி ஆகியவை வெளிப்பார்வைக்கு எப்படி இருந்தாலும் புதிதாகவே வாங்க வேண்டும். பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும்; அதன் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஆகவே அவற்றை ஊதவோ உரசவோ கூடாது.

ஒத்த போல்ட்டா, ஒவ்வாத போல்ட்டா?

அடுத்து ஒரு வேடிக்கை. மேஸ்திரி இரண்டு அரை அங்குல போல்ட்டுகளையும் ஒரு நட்டையும் எங்களிடம் தந்து பூட்டச் சொன்னார். ஒன்று சுலபமாக ஏறியது. மற்றது இரண்டு சுற்று ஏறி இறுகிக்கொண்டது. இரண்டும் ஒரே பருமன்தானே?

பழைய ஆங்கிலேய விட்வொர்த் முறையில் அரை அங்குல போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 12 மரை; அமெரிக்க முறையில் 13 மரை. விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை. மற்றதன் கோணம் 60 பாகை. இன்றைய கார்களிலோ மில்லிமீட்டர் அளவு. மூன்று நாட்டு உறுப்புகள் சேரும் ஒரு வண்டியில் இவை கலந்துவிட்டால், பலம் கொண்டு முறுக்கியவன் மரையை அழித்துவிடுவான். இறுகிவிட்டதாகவும் எண்ணிக்கொள்வான்! அதனால் அந்தப் பட்டறையில் மரை அளக்கும் பல்தகடு சட்டைப்பையிலேயே இருக்கும். போல்ட்டுகள் தனித்தனி டப்பாக்களில் இருக்கும்.

எஞ்சினையும் கியர் பாக்ஸையும் ஜோடி சேர்த்தல்

கான்டெசா எஞ்சினின் பின்புறத் துளைகளும் ஜீப் கியர் பாக்ஸின் துளைகளும் ஒன்றுக்கொன்று நேராக வரவில்லை. ஆகையால் இடையே ஒரு கனத்த இரும்புத் தட்டை லேத் பட்டறையில் கடைந்து வாங்கினார்கள். தட்டின் ஒரு பக்கத் துளைகள் எஞ்சினுக்கு, மற்றவை கியர் பாக்ஸுக்கு. கேட்பதற்கு எளிது. ஆனால் எஞ்சின் தண்டின் மையமும் கியர் பாக்ஸ் தண்டின் மையமும் ஒரே கோட்டில் அமைய வேண்டும். இவ்வகைப் பொருத்தத்தில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு, அதாவது சுமார் 0.13 மில்லிமீட்டர் ஆட்டத்துக்கு மேல் பொறுப்பதில்லை. இது ஏறத்தாழ இரண்டு தலைமுடியின் கனம்! தவறினால் கிளட்ச் ஒழுங்காக விடாது, பேரிங் கத்தும், கியர் தானே நழுவும்.

கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சக்தியைக் கொண்டுபோவது நீண்ட தண்டு. சாலை மேடு பள்ளத்தில் பின் அச்சு ஏறி இறங்குவதால், தண்டின் இரு முனைகளிலும் மடங்கும் மூட்டுகள் உண்டு. ஒரு மூட்டு சாய்ந்த நிலையில் சுழலும்போது, ஒவ்வொரு சுற்றிலும் தண்டு இரு முறை விரைந்து இரு முறை தளர்கிறது. மறுமுனை மூட்டும் அதே கோணத்தில் சாய்ந்திருந்தால், அங்கே எழும் ஏற்றத்தாழ்வு இதை ஈடுசெய்துவிடும். கோணங்கள் வேறுபட்டால் வண்டி முழுதும் அதிரும். ஆகவே எஞ்சினை வைக்கும்போதே தூக்குக்குண்டும் கோணமானியும் கொண்டு சாய்வை அளந்தார்கள்.

இரண்டு மடங்கும் நான்கு மடங்கும்

ஒரு சனிக்கிழமை மாலையில் எஞ்சின் முதன்முறையாக உயிர் பெற்றது. நாங்கள் கைதட்டினோம். அண்ணன் ஓட்டுநர் இடத்தில் ஏறி அமர்ந்தார். மேஸ்திரி உடனே சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சொன்னார்: “ஓடறதெல்லாம் அப்புறம் அம்மிணி. முதல்ல நிக்குதான்னு பாக்கோணும்.”

பள்ளி திறந்ததும் இதை இயற்பியல் சிஸ்டரிடம் சொன்னோம். அவர் கரும்பலகையில் ஒரே ஒரு வரி எழுதினார்: இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். நாங்களே கணக்குப் போட்டுப் பார்த்தோம். வினாடிக்கு வினாடி 5 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கும் பிரேக் என்று கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டரில் செல்லும் வண்டி நிற்கச் சுமார் 19 மீட்டர் வேண்டும். 100 கிலோமீட்டரில் செல்லும் வண்டிக்கோ சுமார் 77 மீட்டர். வேகம் இரு மடங்கு. தூரம் நான்கு மடங்கு. பிரேக்கில் எழும் வெப்பமும் நான்கு மடங்கு. புதிய எஞ்சினைப் பூட்டியவர் பழைய பிரேக்கை அப்படியே விட்டால், குதிரையைக் கட்டிவிட்டுக் கடிவாளத்தை மறந்தவர் ஆவார்.

அமெரிக்க இளைஞர்களும் இதை உணர்ந்திருந்தார்கள். ஃபோர்டு கார்களில் 1938 வரை கம்பியும் கோலும் இழுக்கும் பிரேக்தான். 1939 மாடலில்தான் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக் வந்தது. ஆகவே 1932 மாடல் காருக்கு 1939 மாடலின் பிரேக்கைத் தேடி எடுத்துப் பூட்டுவது அவர்களிடையே வழக்கமாயிற்று.

இங்கும் ஒரு பாடம் காத்திருந்தது. பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால் பிரேக் பலமாகும் என்று எண்ணி, முக்கால் அங்குல விட்டமுள்ளதை எடுத்துவிட்டு ஓர் அங்குல விட்டமுள்ளதைப் போட்டுப் பார்த்தார்கள். பெடல் கல்லாக இறுகியது. பிரேக்கோ முன்பைவிடப் பலவீனம்! காரணம் நாம் படித்த பாஸ்கல் விதிதான். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. ஒரே காலின் விசை பெரிய பரப்பில் பரவியதால் அழுத்தம் பாதியை ஒட்டிக் குறைந்துவிட்டது. மீண்டும் முக்கால் அங்குலமே வந்தது. சக்கரங்களில் அகன்ற டிரம்கள் ஏறின.

அதே ‘நான்கு மடங்கு’ விளக்கிலும் வந்தது. அந்தப் பழைய ஃபோர்டு காரின் விளக்குகள் 6 வோல்ட்டுக்கு உரியவை. புதிய பேட்டரி 12 வோல்ட். மின்தடை மாறாதிருந்தால் இரு மடங்கு வோல்ட்டில் திறன் நான்கு மடங்காகும். பழைய பல்பு ஒரு கணம் வெண்மையாக ஒளிர்ந்து கருகிப்போயிற்று. கூட்டை வைத்துக்கொண்டு பல்பை மாற்றினார்கள்.

வெட்டுவதா, விடுவதா?

இவ்வளவுக்கும் நடுவே தோழியின் வீட்டில் ஒரு மனவருத்தம் இருந்தது. “அப்புச்சி ஓட்டின ஜீப்பு. வெட்டிட்டா மறுபடி வருமா?” என்று அவள் அம்மா கேட்டார். இந்தக் கேள்விக்குப் பட்டறையில் யாரிடமும் பதில் இல்லை.

சட்டமும் இதில் தலையிடுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. ஆகவே நம் நாட்டில் ஹாட் ராட் பொதுச் சாலையில் ஓட இயலாது. பந்தயத் தடம், சொந்த நிலம், கண்காட்சி என்பவையே அதற்கு இடம். மறுபுறம், 50 ஆண்டுக்கு மேற்பட்டு, மூல உருவம் குலையாமல் காக்கப்பட்ட வண்டிகளுக்குத் தனிப் பதிவு எண் வழங்க மத்திய அரசு 2021இல் விதி செய்தது. சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்தவற்றுக்கு அந்தப் பெருமை இல்லை. 1968ஆம் ஆண்டு ஜீப்புக்கு அந்த வயது வந்துவிட்டது. சேசிஸை அறுத்தால் அந்த வழி என்றென்றைக்கும் அடைபட்டுவிடும்.

அண்ணன் இரண்டு நாள் பட்டறைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, அறுப்பதற்காகச் சேசிஸில் வரைந்திருந்த சாக்பீஸ் கோடுகளைத் துணியால் துடைத்தார். “ஒரு துளைகூடப் புதிதாகப் போட வேண்டாம்” என்றார். எஞ்சினைத் தாங்கும் கால்களைச் சேசிஸைக் கவ்விப் பிடிக்கும் பட்டைகளாக மாற்றினார்கள். புதிய உடல், ஜீப் உடல் உட்கார்ந்திருந்த அதே துளைகளில் அமர்ந்தது. ஜீப்பின் சொந்த எஞ்சினுக்கு எண்ணெய் பூசி, சாக்கில் சுற்றி, மூலையில் பலகைமேல் வைத்தார்கள். கழற்றிய ஒவ்வோர் உறுப்பிலும் அட்டை கட்டி, அது இருந்த இடத்தை எங்கள் கையால் எழுதினோம். இதனால் வேலை இரண்டு மாதம் நீண்டது. ஆனால் அப்புச்சியின் ஜீப் என்றாவது மறுபடி ஜீப்பாகலாம்.

நாங்கள் பெற்றது

கால் பரீட்சை முடிந்த வாரம் தோப்பின் நடுவே அந்த வண்டி முதன்முறையாக நகர்ந்தது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. மேஸ்திரி கை காட்டிய இடத்தில் அண்ணன் பிரேக்கை மிதித்தார். நான்கு சக்கரமும் செம்மண்ணில் நான்கு நேர்கோடுகள் கீறி நின்றன. ஒரு பக்கமும் இழுக்கவில்லை. தோழியின் அம்மா அருகே வந்து, ஜீப்பின் பழைய எண் பொறித்த சேசிஸ் பட்டையைக் குனிந்து ஒரு முறை தடவிப் பார்த்தார். எஞ்சின் முழங்கிய நாளைவிட அந்த வண்டி நின்ற நாளே எங்களுக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

அன்புத் தோழியரே! கல்லூரி மாணவ மாணவியர் தாமே வடிவமைத்துக் கட்டிய கார்களோடு போட்டியிடும் ‘ஃபார்முலா பாரத்’ நம் செட்டிபாளையம் தடத்தில் நடந்திருக்கிறது. நம்மில் சிலரும் ஒரு நாள் அங்கே கையில் கிரீஸோடு நிற்கலாம். நிற்காவிட்டாலும், நம் வீட்டுப் பரணில் தையல் இயந்திரமோ ரேடியோவோ கிணற்று மோட்டாரோ கிடக்கும். அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுமுன் ஒரு முறை கழற்றிப் பார்ப்போம். எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது, எதைக் கைவிடுவது என்று அளந்து முடிவு செய்வோம். சந்தையில் காளை பார்க்கும் விவசாயியின் கண் நமக்கும் வாய்க்கட்டும்.

— மேல்நிலை முதலாம் ஆண்டு அறிவியல் பிரிவு மாணவியர்